பாத்திர அலமாரியில் ஒரு ஆபீஸ்

திருப்பதியிலிருந்து மோனிகா போனில் கேட்டது ஒரே கேள்விதான்.

"அக்கா, உட்கார்ந்து வேலை செய்ய வீட்ல சத்தமில்லாத இடம் இருக்குதா?"

"ஓ, இருக்குதே!" என்றாள் பிரேமலதா. யோசிக்கக்கூட இல்லை. பொய்யும் சொல்லவில்லை. வேடிக்கையே அதுதான்.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் அவள் வீட்டு முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள். விடிந்ததும் ஓடத் தொடங்கினால் இருட்டிய பிறகுதான் நிற்கும். பக்கத்து வீட்டில் தறி, எதிர்வீட்டில் தறி, தெருமுனை டீக்கடைக்குப் பின்னாலும் தறி. வெளியூர்க்காரர்கள் வாசலிலேயே காதைப் பொத்திக்கொள்வார்கள். பிரேமலதாவுக்கோ கன்னையாவுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதே சத்தம். நாம் விடுகிற மூச்சு நமக்குக் கேட்கிறதா என்ன? அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், "எங்க வூட்ல இன்னா சத்தம் கீது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

மோனிகா கேட்டதற்குக் காரணம் இருந்தது. திருப்பதி மலைக்கு வருகிற தமிழ்நாட்டு யாத்ரீகர்களுக்கு வண்டியும் தங்க ரூமும் ஏற்பாடு செய்கிற ஒரு கம்பெனியில் பிரேமலதாவுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு, இரண்டையும் கலந்து கேட்டால் இரண்டையும் கலந்து. தினமும் பஸ் ஏறிப் புத்தூர் வழியாகத் திருப்பதி போய் வந்துகொண்டிருந்தாள். இப்போது அந்த ஆபீஸ் மாடியைக் காலி செய்கிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து, ஒரு பரிசோதனைப் போன் காலில் தேறுகிறவர்களுக்கு வேலை தொடரும். தேறாதவர்களுக்கு வருகிற போன் கால்கள் சென்னை ஆபீஸுக்குப் போய்விடும். அவர்களை மேற்பார்வையிடுகிற மோனிகாதான் பரிசோதிப்பவளும்.

பிரேமலதாவுக்கு அந்த வேலை போனால் சோறு கிடைக்காமல் போகாது. போவது வேறொன்று. நகரியில் அவள் கன்னையா பெண்சாதி. திருப்பதியில் பிரேமலதா மேடம். "அந்த மெதுவா, நிதானமா பேசுவாங்களே, அந்தம்மாகிட்ட குடுங்க" என்று ஆரணியிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் ஆட்கள் கேட்டு வாங்கிப் பேசுகிற குரல் அவளுடையது. அந்தக் குரலை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஆகவே கம்ப்யூட்டர். மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்ததுதான். தறிப் பஞ்சு அதன் வயிற்றுக்குள் போய், கழற்றிப் பார்த்தபோது சின்னத் தலையணையே இருந்தது. தானே திறந்து தானே துடைத்துக்கொள்ளக்கூடிய குட்டிப் பெட்டியாக இருந்தால் தேவலை என்று பிரேமலதா முடிவு செய்தாள். இணையத்தில் வீடியோக்கள் பார்த்தாள். எல்லா வீடியோவிலும் ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, பாட்டு முடிவதற்குள் கம்ப்யூட்டரை முடித்துவிடுகிறான். இட்லிப் பானையைக் கழுவி அடுக்குவதற்கே தனக்கு அதைவிட நேரமாகிறது என்பது அவளுக்குத் தோன்றாமல் போனது. மேதாவிகளுக்கு அதெல்லாம் தோன்றாது.

"நானே கட்டப்போறேன்," என்றாள்.

கன்னையா தறிக்குப் பக்கத்தில் நின்றபடி, "எதை? புடவையையா?" என்று கேட்டான்.

"கம்ப்யூட்டரய்யா!"

"எங்க வெப்ப? என் தலை மேலயா?"

கேள்வி நியாயமானது. அந்த வீட்டில் தறிக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள் இருந்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் ஓர் அலமாரி. கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் அதில் வாழ்ந்துகொண்டிருந்தன. ஒருநாளும் சமைக்காத அண்டா, ஒருநாளும் தண்ணீர் பார்க்காத குடம். அவற்றைப் பரணுக்கு ஏற்றிவிட்டு, தட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டால் அதுதான் ஆபீஸ். உட்கார, நூல் சுற்றும்போது போட்டுக்கொள்கிற முக்காலி. வேலை முடிந்ததும் அலமாரிக் கதவைச் சாத்தினால் பஞ்சும் போகாது, பல்லியும் போகாது. அலமாரியின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். ஆழத்தையும் அளந்தாள்.

திருப்பதியில் சலீம் கடை. கம்ப்யூட்டர் சாமான்களை உதிரியாக விற்கிறவர். பிரேமலதா கையை விரித்துச் சாண் கணக்கில் பெட்டி கேட்டதும் அவர் ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்தார்.

"அக்கா, சின்னப் பெட்டின்னா எல்லாம் சின்னதா போடணும். ரெடியா கட்டினது ஒண்ணு இருக்கு, எடுத்துக்குங்களேன்."

"இல்ல பாய், நானே கட்டிக்கறேன். எல்லாம் பாத்து வெச்சிருக்கேன்."

"எதுல?"

"வீடியோல."

"சரிதான்," என்றார் சலீம். மரியாதை தெரிந்த மனிதர். கையகல மதர்போர்டு, பிராசசர், ராம் என்கிற நினைவகப் பட்டை, கரெண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி, மேஜை மேல் வைக்கிற மைக் என்று எடுத்து அடுக்கினார். பிரேமலதா தேர்ந்தெடுத்த ஃபேனைப் பார்த்து மட்டும், "இது பெட்டிய விட உசரமாச்சே" என்றார். அலமாரியை அளந்த மகராசி ஃபேனை அளக்கவில்லை. "தெரியும், சும்மா கேட்டேன்" என்று சொல்லிக் குள்ள ஃபேனாக வாங்கிக்கொண்டாள்.

அமாவாசையன்று கட்டுவதாக முடிவாயிற்று. அமாவாசைக்கு அந்தத் தெருவில் தறி ஓடாது. கன்னையாவும் சும்மா இருப்பான், வேடிக்கை பார்க்க ஆள் வேண்டுமல்லவா? பாயை விரித்து, சாமான்களை எடுத்துவைத்து, வீடியோப் பையனைப் போலவே அவள் ஒருமுறை சிரித்துக்கொண்டாள். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது.

பிராசசரை வைத்தாள். ஃபேனைத் திருகினாள். ராமை எடுத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் அதன் இடத்தில் விட்டாள். எல்லா வயரையும் சொருகிப் பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. திரையில் இருட்டு. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இருட்டு. வீடியோவை முதலிலிருந்து பார்த்தாள். அந்தப் பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சினீரம்மா, இன்னா ஆச்சி?" என்றான் கன்னையா.

"அதுக்கு நேரம் ஆவும். புதுசு."

"அந்தப் பட்டை ஒருபக்கம் தூக்கிக்கினு கீது பாரு. பயந்துக்கினே வெச்சா எதுதான் உக்காரும்?"

பார்த்தாள். ராம்தான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். 'டக்' என்றது. உடைத்துவிட்டோம் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால் திரையில் வெளிச்சம்! பிரேமலதா பாயிலிருந்து எழுந்து நின்றே விட்டாள். கன்னையா பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான், காற்று போகிற ஓட்டையாகப் பார்த்து. அதைத் துடைத்த பிறகு, பஞ்சு போகாமலிருக்க அந்த ஓட்டைக்குத் துணி கட்டினாள். வீட்டில் நெய்த நல்ல துணி, தறியிலிருந்து அறுத்த விறைப்புப் போகாதது. கஞ்சி ஏறிய துணியில் காற்று எப்படி நுழையும்? பெட்டி சூடேறித் தானாகவே அணைந்தது. நெசவுக்காரன் பெண்சாதிக்குத் துணியைப் பற்றிக் கம்ப்யூட்டர் பாடம் சொல்ல வேண்டியதாயிற்று. துவைத்துக் காயவைத்துக் கட்டியதும் சரியானது.

அன்று சாயங்காலம் அலமாரிக்குள் அந்த ஆபீஸ் ஜோராக உட்கார்ந்திருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எதிர்வீட்டுக் கங்கம்மா மட்டும், "குடத்த எங்கமே வெச்ச?" என்று கேட்டாள்.

மறுநாள் மோனிகாவின் பரிசோதனைக் கால். பிரேமலதா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். போனில் பூ தெரியாது என்று கன்னையா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நமஸ்காரம், சொல்லுங்க," என்றாள் மைக்கைப் பார்த்து.

மறுமுனையில் மோனிகாவின் குரல், "அக்கா, நீங்க ரயில்ல இருக்கீங்களா?"

"இல்லம்மா, வீட்லதான்."

"பாலத்து மேல ரயில் போற மாதிரி வருதே. பின்னாடி ஏதோ ஓடுது."

"ஒண்ணும் ஓடலியேம்மா," என்று சொல்லிக்கொண்டே பிரேமலதா திரும்பிப் பார்த்தாள்.

நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது, அலமாரிக் கதவு தனியாக ஒரு தாளம் போட்டது. அடுத்த வீட்டுத் தறி இதற்குப் பதில் சொன்னது. வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. அடேயப்பா! இந்த வீட்டிலா நாம் சத்தமில்லாத இடம் இருக்கிறது என்று சொன்னோம்? சத்தமில்லாத ஒரே நாளான அமாவாசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பூரித்துப்போன அந்தப் பெண்ணை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்திலேயே நின்றது.

"அக்கா, இன்னொரு தரம் பாக்கலாம்," என்றாள் மோனிகா. நல்ல பெண். "ஆனா இப்படின்னா கஷ்டங்க்கா."

"தறிய வேணா நிறுத்திடட்டுமா?" என்று கன்னையா அன்றைக்குக் கேட்டான். கேட்டானே, அதுவே பெரிது. நான்கை நிறுத்தினால் எதிர்வீட்டு ஆறு கேட்கும். தெருவையே நிறுத்த முடியுமா? அமாவாசையை விட்டால், கரெண்ட் போனால் மட்டும்தான் அந்தத் தெரு வாயை மூடும்.

சலீமிடமே போனாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, நெற்றியை மட்டும் தடவிக்கொண்டார். "தறிக்கூடம்னு சொல்லவே இல்லியேக்கா! மேஜை மைக் ஊரையே இழுக்கும்." வாயோரம் வந்து நிற்கிற மைக்கும், காதை முழுக்க மூடுகிற ஹெட்செட்டும் கொடுத்தார். ஒரே மாதிரி விடாமல் வருகிற சத்தத்தைப் பிரித்தெடுத்துக் குப்பையில் போடுகிற ஒரு சாப்ட்வேரும் ஏற்றச் சொன்னார். பிரேமலதா அலமாரிச் சுவர் முழுக்கப் பழைய ஜமக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். ஹெட்செட்டை மாட்டியதும் தறிச் சத்தம் எங்கோ புத்தூர்ப் பக்கம் போய்விட்டதுபோல் இருந்தது. இனி என்ன பயம்?

இரண்டாவது பரிசோதனை. மோனிகா கேட்டுக்கொண்டிருக்க, ஆபீஸ் பெண் ஒருத்தி யாத்ரீகரைப் போல நடித்துப் பேசினாள். கீசர் வைத்த ரூம் வேண்டும் என்றாள். பிரேமலதா பிரமாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை, பிரமாதமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கரெண்ட் போனது. பேட்டரிப் பெட்டி கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடித்தது. தறிகள் நின்றன. தெரு முழுக்க நின்றது. காதை மூடியிருந்த பிரேமலதாவுக்கு அது தெரியவில்லை.

"அந்த ரூம்ல கீசர் ரிப்பேருங்க! சுடுதண்ணி பக்கெட்ல கொண்டுவந்து குடுப்பாங்க! பக்கெட்ல!"

யாரோ தோளைத் தொட்டார்கள். கங்கம்மா. மாவுக்கையோடு ஓடி வந்திருந்தாள். வாசலில் இன்னும் நாலு பேர். ஹெட்செட்டை நகர்த்தினாள்.

"இன்னாமே, உன் வூட்டுக்காரன் கூட சண்டையா? பக்கெட்டு பக்கெட்டுன்னு கத்திக்கினு கீறியே, அடிச்சிட்டியோன்னு பயந்துட்டேன்!"

கன்னையா மூலையில் ஒரு கீறலும் இல்லாமல் நின்றிருந்தான்.

காதில் மோனிகா. "அக்கா, தறிச் சத்தம் ஒண்ணுமே வரல. சூப்பர். ஆனா... எங்க மேல ஏதாவது கோவமா?"

"கோவமா? ஆபீஸ்ல பேசற மாதிரிதானே பேசினேன்?"

"இல்லக்கா. அந்தப் பொண்ணு ஹெட்போனைக் கழட்டிக் கீழ வெச்சிடுச்சி. அப்பவும் உங்க குரல் கேட்டுச்சி. நாளைக்கு நிஜக் கால் ஒண்ணு தரேன். அதுதான் கடைசி. அதுக்கு மேல என் கையில இல்ல."

தெரு கலைந்து போனது. பிரேமலதா முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளிடம் இருந்தது ஒரு குரல் அல்ல, இரண்டு. நகரியில் பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் தறிக்கூடக் குரலில் டிக்கெட் கேட்பாள். புத்தூர் தாண்டியதும் தொண்டை தானாக இறங்கும். திருப்பதியில் இறங்கும்போது மேடம் குரல் வந்திருக்கும். சாயங்காலம் திரும்பும்போது அதே புத்தூரில் மறுபடி ஏறிக்கொள்ளும். பஸ் செய்துகொண்டிருந்த வேலை அது. தானே கட்டிய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் வைத்தாள், புத்தூரை வைக்க மறந்துவிட்டாள்.

"நான் கத்தறேன்னு உனக்கும் தெரியுமா?" என்று கன்னையாவைக் கேட்டாள்.

"உன் குரலே நான் கேட்டதில்லியே," என்றான் அவன்.

"இன்னாது?"

"தறி ஓடறப்ப எங்க கேக்கும்? உன் கழுத்து நரம்பப் பாத்துக்கினுதான் பதில் சொல்லுவேன். நரம்பு இல்லன்னா துன்ன கூப்பிடற. கொஞ்சம் தெரிஞ்சா கடைக்குப் போவணும். நல்லா பொடச்சிக்கினா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்."

பிரேமலதாவுக்குக் கோபம் வந்தது. கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கே நரம்பு நின்றது. கன்னையா உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து மெதுவாகத் தாழ்த்தினான். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சைகை: குறை, குறை. சத்தத்தில் பேச முடியாதவர்கள் கையால்தானே பேசுவார்கள்? அவள் குரல் தானாக இறங்கியது. புத்தூர் தாண்டியதுபோல் இருந்தது.

"இன்னொருவாட்டி காட்டு," என்றாள் மெதுவாக. காட்டினான்.

ஆனால் ஆபீஸில் உட்கார்ந்தால் அவள் முகம் சுவரைப் பார்த்தது. அவள் முதுகு கன்னையாவைப் பார்த்தது. பிரேமலதா எழுந்து போய், கொல்லைப்புறக் கதவில் தொங்கிய அவன் சவரக் கண்ணாடியைக் கழற்றி வந்து, திரைக்கு மேலே ஜமக்காளத்தில் ஆணியடித்து மாட்டினாள். முக்காலியில் உட்கார்ந்தால் அதில் இரண்டாவது தறியும் கன்னையாவும் முழுதாகத் தெரிந்தார்கள். அவனுக்கு அவள் கழுத்து தெரிந்தது.

"நான் எங்க சவரம் பண்ணிக்கறது?"

"ஆபீஸ்லயே பண்ணிக்கோ. நான் வர்றதுக்கு முன்னால."

மறுநாள் கடைசிக் கால். பிரேமலதா பூ வைத்துக்கொள்ள மறந்துவிட்டாள். மோனிகா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நிஜமான யாத்ரீகர், செய்யாற்றுப் பக்கத்துப் பெரியவர், பெயர் வேதாச்சலம்.

"நமஸ்காரம், சொல்லுங்க ஐயா," என்றாள். கண்ணாடியில் கன்னையாவின் கை தாழ்ந்தது. குரல் தாழ்ந்தது. ஆகா, அதே குரல், திருப்பதிக் குரல்! ஜமக்காளத்துக்கும் அண்டா இருந்த தட்டுக்கும் நடுவே மேடம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை பேருக்கு ரூம் வேணுங்க?"

"ஆ? என்னம்மா?"

"எத்தனை பேர் வர்றீங்க?"

"ஒண்ணும் கேக்கலியே. யாரும்மா, வாய்க்குள்ளயே பேசறே? காது மந்தம் எனக்கு. இத்தோட நாலு பேர் போனை வெச்சிட்டாங்க. நீயாவது சத்தமா பேசேன் தாயி."

லைனில் மோனிகா இருக்கிறாள். கண்ணாடியில் கை தாழ்ந்து நிற்கிறது. இப்போது கத்தினால் வேலை போகும். கத்தாவிட்டால் இந்த மனிதரோடு பேச முடியாமல் போனை வைத்த ஐந்தாவது ஆள் அவள்தான். குறைத்துப் பேசுவதற்கு இத்தனை ஏற்பாடு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஊரிலேயே காது கேட்காத ஒருவர் தேடி வந்து மாட்டுகிறாரே! தன் அதிர்ஷ்டத்தை நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டாள்.

"எத்தினி பேருங்க வர்றீங்க ஐயா?" என்றாள் நகரிக் குரலில்.

கண்ணாடியில் கன்னையாவின் கண் விரிந்தது. ஒரு கை தாழ்ந்தது. இரண்டாவது கையும் தாழ்ந்தது. பிரேமலதா பின்பக்கமாகக் கையை ஆட்டி அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"ஆங்! இப்ப கேக்குது!" என்றார் பெரியவர். "ஏழு பேரும்மா. என் சம்சாரத்துக்கு மாடி ஏற முடியாது."

"கீழ் ரூமே போட்டுடறேங்க! வண்டி வாசலுக்கே வரும்! கீசர் நல்லா வேலை செய்யுது!"

எல்லாம் பேசி முடித்தார்கள். பெரியவர் அவள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். லைனில் மோனிகா மட்டும் மிஞ்சினாள். பிரேமலதா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா," என்றாள். அது தானாகவே திருப்பதிக் குரலில் வந்தது.

"அக்கா, முதல்ல பேசினீங்களே, அதுவும் இந்த வீட்ல இருந்துதானா?"

"ஆமாம்மா."

"அப்பால பேசினது?"

"அதுவும்தான்."

மோனிகா சிரித்தாள். "தினம் இப்படிக் காது கேக்காத பெரியவங்க வர்றாங்கக்கா. நம்ம பசங்க பாதியிலயே வெச்சிடறாங்க, கம்ப்ளைண்ட் எனக்கு வருது. அந்தக் காலெல்லாம் உங்க லைனுக்கே போட்டுடறேன். மத்தவங்ககிட்ட மட்டும் முதல்ல பேசின மாதிரி பேசுங்க. திங்கக்கிழமையில இருந்து லாகின் பண்ணிக்குங்க, சரிங்களா?"

"சரிம்மா."

ஹெட்செட்டைக் கழற்றினாள். கன்னையா இரண்டு கைகளையும் தாழ்த்தியபடி அப்படியே நின்றிருந்தான். அவன் பார்க்காத நேரத்தில் மூன்றாவது தறியில் இழை அறுந்து துணி ஓட்டையாக வந்துகொண்டிருந்தது. பிரேமலதா விரலால் அதைக் காட்டினாள். ஓடினான்.

திங்கட்கிழமை அவள் அலமாரிக் கதவைத் திறந்தபோது, ஆபீஸ் காலியாக இல்லை. கன்னையா முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு மறு கன்னத்தைச் சிரைத்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிட்டு லாகின் செய்வதற்குள் முதல் கால் வந்துவிட்டது. கண்ணாடியில் பாதி நுரை முகம் இரண்டாவது தறிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவள் கழுத்தைக் கவனமாகப் பார்த்து, கையைத் தாழ்த்தியது.

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பிரேமலதா அதைப் புத்தூர் தாண்டும் வரை அடக்கி வைத்து, மெதுவாக, நிதானமாகச் சொன்னாள்:

"நமஸ்காரம், சொல்லுங்க."